மாஸ்டரின் வலது கால்

"கால எடுங்க. அங்க பிரேக் இல்ல, வெறும் ரப்பர் மேட்தான் இருக்கு."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி சொன்ன பிறகுதான் மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. இது வீட்டுக் கார்.

"நீ ஒழுங்கா ஓட்டினா அது ஏன் போகுது? ஆபத்துன்னாதான் என் கால் மிதிக்கும்."

"பழக்கதோஷம். உங்களைக் கேக்காமலே போகுது."

"என் கால் என்னைக் கேக்காம போகுமா? ஆபத்தே இல்லாம ஒரு தடவை மிதிச்சேன்னு காட்டு. நாளையிலிருந்து வேலைக்கு நீயே காரை எடுத்துட்டுப் போ. இல்லன்னா பஸ்ஸுதான்!"

"அத்தை, நீங்கதான் சாட்சி."

"மகன்னுகூடப் பார்க்க மாட்டேன்," என்றார் பின் சீட்டிலிருந்த மாஸ்டரின் அம்மா. அவரை ஊருக்கு அனுப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளைவு வந்தது. லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. கால் துடித்தது, போகவில்லை.

"பழக்கதோஷமாம்!"

பஸ் ஸ்டாண்டில், சுவரைப் பார்த்து நின்றிருந்த ஒரு பஸ்ஸை ஒட்டி, அதே சுவருக்கு எதிரே காரை நுழைத்தாள் மனைவி. பஸ் டிரைவர் அப்போதுதான் ஏறி உட்கார்ந்தார்.

"ஏங்க, உங்ககிட்ட கத்துக்க வந்து ஒருத்தர் சுவத்துல முட்டினாரே, அத அத்தைக்குச் சொல்லுங்களேன்."

மாஸ்டருக்கு அந்தக் கதை என்றால் உயிர். முட்டியை விட்டுவிட்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"பிரேக்கு, பிரேக்குன்னு நான் கத்துறேன். அந்த மனுஷன் ஹாரனை அடிக்கிறாரும்மா! சுவரு என்ன ஒதுங்கியா..."

ஓரக்கண்ணில் பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. எதிரே சுவர்.

"ஏய், பிரேக்! பிரேக்!"

வலது கால் தரையைத் துளைக்கிற மாதிரி இறங்கியது.

"பார்த்தியா?" மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "சுவத்துல முட்டப் பார்த்தே! இதுக்குப் பேரு ஆபத்து இல்லையா? நாளைக்கு நீ பஸ்ஸுதான்!"

"டேய்," அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருடா."

பக்கத்து பஸ் ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது. கதை ஆரம்பிக்கும்போதே அணைத்துவிட்ட காரின் சாவியை, மனைவி தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.