கல் போடாமல் ஓடிய சல்லடை

"மத்தியானம் வரைக்கும் மட்டும் இந்தச் சத்தம் வேணாம், தம்பி. அது போதும்" என்று காலையிலேயே கேட்டுக்கொண்டார் முத்துராமலிங்கம்.

மானகிரியில் சாலையை அகலப்படுத்தும் வேலைக்காக வந்திருந்தது அந்த ஜல்லி சலிக்கும் இயந்திரம். சங்கிலிச் சக்கரங்களால் ஊர்ந்து வேண்டிய இடத்திற்குப் போகும். கொட்டுகிற கல்லைக் குலுக்கி, ஒன்றரை ஜல்லி ஒரு பக்கம், முக்கால் ஜல்லி ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் எனப் பிரித்துத் தள்ளும். அது ஓடும்போது பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் நடைபயிலும்.

"பொண்ணு பாக்க வாராகளாண்ணே?" என்றான் அதை ஓட்டும் சின்னக்கருப்பு.

"என் தங்கச்சி மக கீர்த்திக்கு. காளையார்கோவில் சம்பந்தம். மாப்பிள்ளையோட அப்பா ரொம்பக் கறாரு."

"நல்லபடியாப் பேசி முடிங்கண்ணே. நான் அங்குட்டுத் தள்ளி நிப்பாட்டிக்கிறேன்."

சொன்னபடியே இயந்திரத்தைக் காலி மனைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வேப்பமர நிழலில் படுத்துக்கொண்டான்.

முத்துராமலிங்கத்திற்கு ஒரு கவலை ஒழிந்தது. இன்னொரு கவலை பின்கட்டு அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கீர்த்தியின் தந்தை மலையாண்டி, நல்ல நாளும் அதுவுமாக விடிந்ததும் குடித்துவிட்டு வந்திருந்தார். முன்பு வந்த இரண்டு வரன்களும் அவருடைய வாயால்தான் கெட்டுப்போயின.

"சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாகண்ணே" என்று அறைக்கதவைத் தாழிட்டாள் தங்கை வீரலட்சுமி. "கேட்டா, கோர்ட்டு வேலையாச் சிவகங்கைக்குப் போயிருக்காகன்னு சொல்லிருவோம்."

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி வந்தது. கீர்த்தியும் வந்து வணங்கிவிட்டு அமர்ந்தாள். மாப்பிள்ளையின் தாய் பாண்டீஸ்வரி அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கை கழுவக் கொல்லைப்புறம் போனார்.

சற்று நேரத்தில் அது தொடங்கியது. முதலில் ஓர் உறுமல். பிறகு சங்கிலிச் சக்கரம் ஊரும் கரகரப்பு. பிறகு, பின்சுவரை ஒட்டியே, வீட்டையே சல்லடையில் போட்டுக் குலுக்குவது போன்ற தடதடப்பு.

மாப்பிள்ளையின் தந்தை ஏதோ கேட்டார்.

"என்னங்க?"

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

அந்த இரைச்சலில் 'படி' என்றது முத்துராமலிங்கத்தின் காதில் 'குடி' என்று விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

"இங்க யாரும் குடிக்கலைங்க" என்று கத்தினார்.

"பி.காமா? நல்ல படிப்பு" என்று தலையசைத்தார் மாப்பிள்ளையின் தந்தை.

அதன் பிறகு கைச்சாடைதான். முத்துராமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "இருங்க, அந்தப் பயல நிப்பாட்டச் சொல்லிட்டு வாரேன்."

கொல்லையிலிருந்து திரும்பிய பாண்டீஸ்வரி எதிரே வந்து நின்றார். "உக்காருங்கண்ணே. வேலை பாக்குறவுகள எதுக்கு வையிறீக" என்று அவருடைய காதருகே சொல்லிவிட்டு அமர்ந்து, நிதானமாகக் காப்பியை ஆற்றினார்.

புறப்படும்போது மாப்பிள்ளையின் தந்தை காதைத் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்குப் போயித் தகவல் சொல்றோம்" என்றார்.

முன்பு வந்தவர்களும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். கீர்த்தி தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டு, காப்பித் தம்ளர்களைக் கழுவ அடுக்கினாள்.

கார் நகர்ந்ததும் முத்துராமலிங்கம் கொல்லைப்புறம் ஓடினார். இயந்திரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏண்டா, நிப்பாட்டுறேன்னு வாக்குக் குடுத்தியா இல்லையா? சலிக்கிறதாவது சலிச்சியா? மேல ஒரு கல்லு கிடையாது. வெறும் மெஷின வீட்டுச் சுவத்தோரம் கொண்டாந்து ஓட்டியிருக்க. ஒரு பொண்ணோட வாழ்க்கைடா. எவன் உன்னைய ஓட்டச் சொன்னான்?"

சின்னக்கருப்பு கார் சாலை வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, என்ஜினை அணைத்தான்.

அப்போதுதான் கேட்டது. பின்கட்டு அறையின் ஜன்னலுக்குள்ளிருந்து, தொண்டை கட்டிப்போன மலையாண்டியின் குரல்: "எவன்டா அவன்? எம் மகளைப் பாக்க எவன்டா வந்தவன்? வெளிய வாங்கடா." அதற்கடுத்து வந்த சொற்கள் எழுதத் தக்கவை அல்ல.

முத்துராமலிங்கம் அங்கிருந்த ஜல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப எந்திரிச்சாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா கை கழுவ வந்தாகல்ல, அப்ப. ஜன்னல் பக்கத்துல நின்னு அம்புட்டையும் கேட்டுட்டாகண்ணே. அவுகதான் கைதட்டி என்னையக் கூப்பிட்டாக. 'சுவத்தோரமா வந்து ஓட்டுப்பா. எங்க கார் போற வரைக்கும் நிப்பாட்டாத'ன்னாக. 'கல்லள்ளிப் போட ஜேசிபி இல்லையே ஆத்தா'ன்னேன். 'சத்தம் இருக்குல்ல, அது போதும்'னுட்டாக."

"அவுக வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?"

"அவுகளே சொல்லிக்கிருவாகளாம். 'இங்க வச்சு அவரு காதுல விழுந்தா எந்திரிச்சுப் போயிருவாரு. வீட்டுல வச்சு நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். எனக்கு அந்தப் புள்ளையத்தான் மருமகளாக் கொண்டு போகணும்'னாக."

முத்துராமலிங்கம் கார் போன திசையைத் திரும்பிப் பார்த்தார். "முன்னப்பின்ன தெரியாதவுக. எங்களுக்காக இம்புட்டு எதுக்குப்பா?"

"நானும் அதத்தாண்ணே கேட்டேன்" என்றான் சின்னக்கருப்பு. "'எங்கப்பாவும் இப்படித்தான். என்னையப் பொண்ணு பாக்க மொத மொத வந்தவுக பாதியிலயே எந்திரிச்சுப் போனாக. அன்னைக்கு எங்க வீட்டுக்குப் பக்கத்துல மெஷின் எதுவும் ஓடல'ன்னு சொன்னாக."