வாசற்படிப் பிரசங்கம்

வீட்டைவிட்டுப் போன கெட்ட குமாரன் கதையை மூன்று ஞாயிறுகளாகப் பிரித்துப் பிரித்து விளக்கியிருந்த போதகர் ஞானசிகாமணி, "பிரசங்கம் விளங்கிச்சாம்மா?" என்று கைக்குழந்தையோடு நின்ற ரத்தினபாயிடம் ஆவலாகக் கேட்டார். "நல்லா கேட்டீய ஐயா! பிள்ள அழுதா வெளிய போன்னு சபை மூப்பரு கண்ணக் காட்டுவாரு. அந்தப் பய வீட்டுக்குத் திரும்புனானா இல்லியான்னே எனக்குத் தெரியாது." அன்று மாலையே மணியடிக்கும் கோயில்பிள்ளையை ஆலயத்துக்குள்ளே வேதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அழும் பிள்ளைகளோடு தாய்மார்கள் நிற்கும் வாதாமரத்தடியில் நின்று கேட்டார். உயர்ந்த கூரையில் மோதித் திரும்பிய ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. மரத்தடிக்கு வந்ததெல்லாம் வெறும் முழக்கம். அடுத்த ஞாயிறு அவர் பீடத்தில் ஏறவில்லை. மைக்கோடு வாசலுக்கு நடந்தார். வயர் அதற்குமேல் எட்டாத இடத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் போய் நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். "ஐயா, சபை இங்கல்லா இருக்கு," என்றார் மூப்பர். "பாதி சபை வெளிய நிக்கி, அண்ணாச்சி." குமாரன் வீடு திரும்பும் இடத்திலிருந்து அவர் கதையைத் தொடங்கியதும் ரத்தினபாயின் குழந்தை வீறிட்டது. அவள் பழக்கத்தில் இன்னும் தள்ளிப் போகத் திரும்பினாள். "நில்லும்மா. பையன் இப்பதான் தெருமுனைக்கு வந்திருக்கான்," என்றார். பிறகு, குழந்தை ஓயட்டும் என்று, அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் நின்றார்.