கப்பலின் காதில் மூன்று கோட் சிவப்பு

தூத்துக்குடியில் மாலுமியே இல்லாத கப்பலை வெள்ளோட்டம் விட்டார்கள். அதற்குக் கண், காது எல்லாம் அடிவயிற்றில் பதித்த, எதிரொலி கேட்டு எதிரே இருப்பதை அறியும் சோனார் வட்டுதான். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அதற்கென்று தனிப் பெயிண்ட் உண்டு. மெல்லிசாக ஒரு கோட் போதும், தடித்தால் காது அடைத்துப்போகும். மேற்பார்வையாளர் கஸ்பார் பர்னாந்துக்கு இது தெரியாததல்ல. விழாவுக்கு வரும் தலைவர் போட்டோ எடுத்துக்கொள்ளும்போது பளபளக்கட்டுமே என்று, கப்பலின் அடிப்பாகத்துக்கு அடித்த சிவப்பையே வட்டிலும் மூன்று கோட் அடிக்கவைத்துவிட்டார்.

விழா மேடையில் ஒலிபெருக்கி வழியே கப்பல் அறிவித்தது: "கடலில் யாரும் இல்லை. புறப்படுகிறேன்."

"நம்ம வருகைக்குக் கடலே வழிவிட்டு நிக்குது!" என்றார் தலைவர். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது.

மேடை ஓரத்தில் நின்ற கஸ்பார் கடலைப் பார்த்தார். சங்கு குளிப்பவர்கள் அந்நேரம் அங்கேதான் முங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் மச்சினன் ஜெலஸ்டினும்தான். நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தோளில் பொன்னாடை விழுந்தது. வாயை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

சாயங்காலம் ஜெலஸ்டின் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். கப்பல் மோதி வள்ளம் இரண்டாகிவிட்டதாம், ஆட்கள் பிழைத்தது தெய்வச் செயலாம்.

"கப்பலுக்கு என்ன கோளாறோ, பாவம்! வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் மேடையில இருந்திருந்தா, கத்தியாவது நிப்பாட்டியிருப்பாரு. நீங்க எங்க நின்னிய, அத்தான்?"

"கூட்டத்துல, பின்னால" என்றார் கஸ்பார்.