புதுப் பெட்டி

"இப்பல்லாம் எவன்டா ஹாரன் அடிக்கிறான்? நேத்து சிவாஜிநகர்ல பஸ்காரன் பூனை மாதிரி வந்து என் ஆட்டோவ உரசிட்டுப் போறான்!" என்று பொரிந்து தள்ளினார் அலெக்சாண்டர்.

மகன் க்ளென் கிட்டாரை எடுத்தான். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் கிட்டார் பழக அவன் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, வாசித்தான்.

"ஒண்ணும் கேக்கலியே! எவனோ உன் தலையில கட்டிட்டான்."

க்ளென் வால்யூமை முழுக்கத் திருகினான்.

"டப்பா பெட்டிடா!"

அடுப்படியிலிருந்து மனைவி பவுலின் ஓடி வந்தாள். "ஏன்டா, ஹெட்போன் சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. அப்பா காது என்னாகும்?"

க்ளென் கண்கலங்கி, அப்பா கையிலிருந்த ஆட்டோ சாவிக்காகக் கை நீட்டினான்.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டு, அவனை விலக்கிவிட்டு வெளியே நடந்தார் அலெக்சாண்டர். "முதல்ல அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு வா."

"அப்பா, ஓட்டாதப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் க்ளென்.

அவர் திரும்பாமலே ஆட்டோவைக் கிளப்பினார்.