நாலாம் நம்பர்

"செல்லத்துக்கு ஏத்தினது மருந்தா, உப்புத்தண்ணியா? எனக்கு அது தெரிஞ்சாகணும் சார்."

யாருக்கு எது ஏறியது என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். நீலாவதி கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து கேட்டுவிட்டாள்.

டாக்டர் சிவஞானம் பேனாவை மூடினார். ஹேடோ துறைமுகத்தில், கப்பல் நிற்கும் ஜெட்டியைப் பார்த்தபடி இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். காட்டுக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்து, முதலில் தன் ஊழியர்கள் ஆறு பேருக்கே போட்டுப் பார்த்தவர். மூன்று பேருக்கு மருந்து, மூன்று பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். சீசாக்களின் மேல் ஆளுக்கொரு நம்பர் மட்டும்தான். எந்த நம்பரில் எது என்பது அவருடைய அலமாரியில், அரக்கு வைத்த உறைக்குள் இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தியாக இருந்து, எல்லாருக்கும் ஊசி போட்ட நீலாவதிக்கும் அதைச் சொல்லவில்லை.

ஊசி ஏறிய கையோடு ஆறு பேரும் லாங் ஐலண்ட் தீவில் மரம் வெட்டும் கூப்புக்குப் போய், பதினைந்து நாள் தங்கி, கூலியாட்களிடம் ரத்தம் எடுத்து வந்தார்கள். திரும்பிய பிறகு குழந்தைவேலு செத்தான். அப்புறம் பன்னீர்செல்வம். அப்புறம் செல்லம். காய்ச்சல் என்று பெயர்தானே தவிர உடம்பு சுடவில்லை. மீன் மாதிரிக் குளிர்ந்துபோய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அங்கே யாரோ இருப்பதுபோல் மெல்லப் பேசிக்கொண்டே போனார்கள். செல்லம் கடைசியில் சுவரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில ஆஜர் எடுத்தீங்களே சார், நாலாம் நம்பர்னு கூப்பிட்டீங்க. யாரு பதில் சொல்லணும்னு அவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

"சோதனை முடியற வரைக்கும் ஆறு நம்பரையும் கூப்பிடணும். அதுதான் முறை."

"அவ செத்து ஒம்பது நாளாச்சு."

"பேசாம இருக்கறதும் ஒரு பதில்தாம்மா. நான் குறிச்சுக்கறேன்."

வாசலில் பியூன் துரைசாமியின் தலை தெரிந்தது. "அரே நீலா, சாப்கிட்ட இப்படியா பேசுவாங்க. சலோ, வெளிய வா."

"நீங்க போங்கண்ணே. போய் மருந்து ஏத்தின முயலுக்குப் புல்லு போடுங்க."

"எங்க திங்குது. மூணு நாளா ஒண்ணுகூட வாய் வைக்கல. கூண்டைத் தட்டினாலும் திரும்பாம இருக்கு." முணுமுணுத்துக்கொண்டே துரைசாமி போய்விட்டார்.

"உட்காரு நீலாவதி."

"உட்கார வரல சார். எங்கப்பா இதே ஜெட்டியில மூட்டை தூக்கித்தான் என்னை பி.எஸ்சி. படிக்க வெச்சாரு. நீங்க மறைக்கறதுக்கெல்லாம் தலையாட்டறதுக்காக அவரு முதுகு ஒடியல."

இதற்குச் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ சாந்தமாக எழுந்து, அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். அரக்கு ஏற்கெனவே உடைந்திருந்தது.

"இன்னைக்கு எடுத்ததுதான் கடைசி ஆஜர். சோதனை முடிஞ்சுபோச்சு. நானே உன்னைக் கூப்பிடறதாத்தான் இருந்தேன்." காகிதத்தை விரித்தார். "குழந்தைவேலுவுக்கு மருந்து. பன்னீர்செல்வத்துக்கும் மருந்து. இதைப் பார்த்ததும் என் மருந்தே ரெண்டு பேரைக் கொன்னுடுச்சோன்னு எல்லாத்தையும் கடல்ல கொட்டப் போனேன். அப்புறம்தான் நாலாம் நம்பரைப் பார்த்தேன். செல்லத்துக்கு உப்புத்தண்ணி."

நீலாவதி காகிதத்தின் பக்கம் குனிந்தாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்."

"என் கையெழுத்தும்மா. மருந்தே போகாதவளும் அதே மாதிரிதானே செத்தா. அப்ப மருந்து மேல குத்தமில்ல. கூப்புல குடிச்ச தண்ணியில ஏதோ விஷம் இருந்திருக்கு. இன்னொண்ணு சொல்லவா? மூணாவது மருந்து உனக்குத்தான் ஏறியிருக்கு. மிச்ச ரெண்டு பேருக்கும் உப்புத்தண்ணி. மருந்து ஏறின நீ கல்லுக்குண்டு மாதிரி என் முன்னால நிக்கறே. அவ சாவும் உன் உசிரும்தான் எனக்கு சாட்சி."

முயல் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் காகிதத்தைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"நாளைக்குக் காலனிப் பள்ளிக்கூடத்துல நானூறு பிள்ளைங்களுக்கு ஊசி. மெயின்லேண்டுக்கும் எழுதிட்டேன். நீதான் போடப்போறே. உன் கை சுத்தமான கை."

"நான் வரேன் சார்."

"எங்கே போறே?"

"போலீஸ் சௌக்கிக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "என் மேல என்னன்னு எழுதிக் கொடுப்பே? காகிதமெல்லாம் சரியா இருக்கு."

"உங்க மேல இல்ல சார். என் மேல. அதை எழுதிக் கொடுத்தாத்தான் நாளைக்கு அந்த ஊசி நிக்கும்."

பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்காமல் படியிறங்கினாள். பதில் உப்புத்தண்ணீர் என்று வந்தால் நேரே சௌக்கிதான் என்று, அறைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்திருந்தாள். அன்றைக்கு நாலாம் நம்பர் சீசா தன்னுடையது மாதிரிக் கலங்கலாக இல்லாமல் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்ததைப் பார்த்து, எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி மருந்தில்லாமல் காட்டுக்குப் போக வேண்டாமே என்று, யாருக்கும் தெரியாமல் தன் சீசாவைச் செல்லத்தின் கையிலும் அவளுடையதைத் தன் கையிலும் ஏற்றியவள் நீலாவதிதான்.