எழுப்பிவிட்ட இலை

ஒரு கல்யாண வீட்டில், மூன்றாம் பந்திக்கு விரித்த தலைவாழை இலைக்கு, எதிரே உட்கார்ந்த ஆளைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"சம்பந்தி வீட்டாருக்கென்று வந்தவள் நான். கடைசியில் போட்டோக்காரனா?" என்று பக்கத்துத் தண்ணீர் டம்ளரிடம் முணுமுணுத்தது. "யாராவது இவனை எழுப்பிவிட்டால் தேவலை."

"விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள், அக்கா" என்றது டம்ளர்.

அவன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, இலையைப் பதமாகத் துடைத்தான். அப்போதுதான் அவன் கண் சோற்று வாளி வரும் வழியையே பார்ப்பது இலைக்குத் தெரிந்தது. உப்பும் பாயசமும் லட்டும் விழுந்தன. சோற்று வாளி பக்கத்தில் வந்துவிட்டது.

கூடவே பெண்ணின் மாமாவும் வந்தார். "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கிறாங்க. நீங்க அப்புறம் சாப்பிட்டுக்கலாம், எந்திரிங்க."

ஈரக் கையோடு அவன் எழுந்தான். அந்த இடத்தில் உட்கார்ந்த பெரியவர் பாயசத்தை வழித்து நக்கிவிட்டு, லட்டைத் தூக்கிக் காட்டினார். "எடுப்பா ஒரு படம்!"

"கொஞ்சம் சிரிங்க சார்" என்றான் அவன்.

"நீ கேட்டது நடந்துவிட்டதே, அக்கா" என்றது டம்ளர்.

இலையோ, பெரியவர் சாப்பிட்டு முடித்துத் தன்னை எப்போது மடிப்பார் என்று மட்டும் காத்துக் கிடந்தது.