முப்பத்தொன்றாம் தேதி வரை ஓடும்

கடைக்காரி இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

புதியது பளபளவென்று இருந்தது. பழையது மூலை உடைந்து, செலோடேப் ஒட்டி, பார்க்கவே பரிதாபமாகக் கிடந்தது.

செல்லக்கனி பழையதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷத்துப் போன். காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானம் செத்துவிடும். அரைமணி நேரம் பேசினால் தோசைக்கல்லாகக் காயும். அதற்கெல்லாம் அவள் மசிபவள் இல்லை. ஆனால் மெசேஜ் ஆப் இந்தப் போனில் முப்பத்தொன்றாம் தேதி வரைதான் ஓடும் என்று ஒரு வாரமாக அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆப்பில்தான் கவியரசு இருக்கிறான்.

மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனவன். 'இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத' என்று சொன்னது வேறு யாரும் இல்லை, இவள்தான். அவன் சிறு வயதிலிருந்தே சொன்ன சொல் தட்டாதவன். அன்றைக்கும் தட்டவில்லை.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான். என்றைக்காவது மனசு இறங்கினால் அந்த நம்பருக்குத்தான் வருவான்.

தினமும் ஒரு மெசேஜ் போடுவாள். ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதற்காகப் பெற்றவள் அனுப்பாமல் இருக்க முடியுமா?

"நம்பர் சொல்லுங்கக்கா."

சொன்னாள்.

"ஓடிபி வந்திருக்கும், பாருங்க."

வரவில்லை. கடைக்காரி மறுபடி அனுப்பினாள். மறுபடியும் வரவில்லை.

"இந்த நம்பரோட சிம் எங்கக்கா?"

சிம் எங்கே இருக்கிறது? இரண்டு நம்பருக்கு எவன் ரீசார்ஜ் பண்ணுவான் என்று புருஷன் வேறு சிம் வாங்கிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. பழையதைக் கழற்றிய பிறகும் ஆப்பில் பழைய நம்பர்தான் காட்டியது. இவள் அனுப்புவதும் போயிற்று, தங்கச்சி அனுப்பும் காலை வணக்கமும் வந்தது. ஆகவே நம்பர் உயிரோடுதான் இருக்கிறது என்று இருந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினால்தானே கேட்பதற்கு.

கடைக்காரி பொறுமையாகத்தான் சொன்னாள்.

"ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கக்கா. அந்த ஆளு இந்த நம்பர்ல ஆப் போடல போல. அதான் ஒங்களுக்கு இவ்வளவு நாள் ஓடிருக்கு. ஓடிபி இப்ப அவருக்குத்தான் போயிருக்கும்."

புதிய போனுக்கு மாறினால் ஆப் திறக்காது. மாறாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி அதுவே மூடிக்கொள்ளும்.



"அந்த நம்பருக்கே அடிச்சுக் கேட்டுப் பாருங்களேன்."

தன் நம்பருக்குத் தானே போன் போட்டாள்.

ஓர் ஆண் எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஓடிபி என்றதுமே, "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றார். நியாயம்தான். ஊரெல்லாம் ஏமாற்றுகிற காலம்.

"ஐயா, நான் செல்லக்கனி. கோயில்பட்டிலருந்து பேசுதேன். இது முன்ன என் நம்பரு. எம்மவன் இதுலதான் கூப்புடுவான்."



"மவனுங்களா?"

"ஆமாய்யா."

"ஒரு பையன் கூப்பிடுவானுங்க. ஞாயித்துக்கிழமையானா. நான் எடுத்தா பேசவே மாட்டான். எம்பட சம்சாரம் எடுத்தா மட்டும் 'அம்மா'ம்பான். அவ 'யாருங்க'ன்னு கேட்டதும் வெச்சுருவான்."

அவள் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலஞ்சு மாசம் பொறுத்துப் பாத்தேனுங்க. தொந்தரவா இருக்குதுன்னு பிளாக் பண்ணிப்போட்டேன்."

"அந்த நம்பரு…"

கடைக்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓடிபிதான் சொல்லப் போகிறார் என்று பேனாவையும் ஒரு பில் தாளையும் அவள் பக்கம் தள்ளினாள்.

செல்லக்கனி பேனாவைத் திறந்தாள். எழுதத் தயாராகத் தாளை அழுத்திப் பிடித்தாள்.

"அது பழைய போன்ல இருந்துச்சுங்க. போன மாசந்தான் புதுசு வாங்குனேன். பழச எக்ஸ்சேஞ்சுல குடுத்துப்போட்டேன். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் எடுத்தாங்க."

தாள் வெள்ளையாக இருந்தது.

"புது போன்ல ஒருக்காக்கூட கூப்பிடலீங்க. கூப்பிட்டா உங்க நம்பரக் குடுக்கறேன். சத்தியமாக் குடுக்கறேனுங்க."

அவருக்குத்தான் தாங்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், கேட்டதையாவது தருவோம் என்று நினைத்திருப்பார்.

"ஓடிபி சொல்லட்டுங்களா?"

ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றாக எழுதினாள். தாளை நீட்டினாள். கடைக்காரி தட்டினாள்.

புதிய போனில் ஆப் திறந்தது. மேலே கவியரசு. அவன் பெயருக்குக் கீழே இவள் அனுப்பியது எல்லாம் ஒற்றை டிக்கோடு வரிசையாக இறங்கி வந்தது.

கடைக்காரிக்கு நிம்மதி. போனை அவள் கையில் வைத்தாள்.

"பாத்தீங்களாக்கா, இதுக்குப் போயி பயந்தீங்களே. ஒண்ணுகூடப் போகல."